வாசல் வரை அழைக்கும் சுவரொட்டி



தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலைக்கல்வி போதித்து வருகின்றேன். சுவரொட்டி வரைதல் எனும் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. டிங்கிக் கொசு ஒழிப்பு, போதைப்பொருள் தடுப்பு, வாசிப்பு மாதம் என்று ஆண்டுதோறும் மணிலா அட்டைகள் சுவரேறும். மாத இறுதியில் இறங்கும். அவற்றைப் பார்த்து யாரேனும் எதையேனும் செய்தார்களா என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சென்ற ஆண்டு அக்கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. நான் வடிவமைத்த ஒரு திரைப்படச் சுவரொட்டி படுதோல்வி கண்டது. அத்தோல்வி கற்றுத் தந்தவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் பள்ளி நெகிரி செம்பிலானில், சிரம்பானைத் தாண்டி லிங்கிப் பக்கம் செல்லும் வழியில், செம்பனைக் காட்டின் நடுவே உள்ளது. ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா மரங்கள், ஐந்நூறு குடும்பங்கள். இன்று மரமும் மாறிவிட்டது. மக்களும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். மாணவர் எண்ணிக்கை நாற்பத்தொன்று. நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. எண்ணிக்கை குறையும் ஒவ்வொரு தோட்டப்பள்ளியிலும், ஆண்டு இறுதியில் ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணுவது அடுத்த ஆண்டின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைத்தான். எங்கள் வட்டாரத்தில் அவ்வாண்டு ஏழு பிள்ளைகள் இருந்தனர். பதிந்திருந்தவர்களோ இருவர் மட்டுமே.

அந்த வேளையில்தான் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் கைப்பேசியைக் கொண்டு பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்தனர். பழைய பால்மரம் வெட்டுத் தொழிலாளியான ஒரு பாட்டியின் கதை அது. படத்தின் பெயர் 'நாலு மணி'. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாகச் சுரக்கும். ஆகவே, அந்நாள் பெண்கள் நான்கு மணிக்கே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, உளியும் காண்டா வாளியுமாகப் பெரட்டுக்கு ஓடுவார்கள். பாட்டி அதைத்தான் படத்தில் சொல்கின்றார். தோட்ட மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மாலை இப்படத்தைத் திரையிட்டால் ஊர் கூடும், பிள்ளைகளின் திறமையைப் பெற்றோர்கள் காண்பர், பதிவும் கூடும் என்று திட்டமிட்டோம். சுவரொட்டி வடிவமைக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு இரவுகள் கணினி முன் அமர்ந்து உழைத்தேன். மேலே பள்ளிச் சின்னம். அதன் கீழ் ஏற்பாட்டுக் குழுவினர் பெயர். பிறகு ஆதரவாளர் பெயர்கள், சிறப்பு வருகையாளர் பெயர், தலைமையுரை, நன்றியுரை. நடுவில் சிவப்பெழுத்தில் 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு'. எஞ்சிய இடத்தில், எறும்பு அளவில், படத்தின் பெயர். இருபது படிகள் எடுத்து ஒட்டுக்கடை, கோயில், பேருந்து நிறுத்தம் என்று ஒட்டினோம்.

மண்டபத்தில் எண்பது நாற்காலிகள் போட்டிருந்தோம். வந்தவர்கள் பதினான்கு பேர். அவர்களில் ஒன்பது பேர் ஆசிரியர்களும் எங்கள் வீட்டாரும்.

திங்கட்கிழமை வகுப்பில் காரணத்தைக் கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வாசிப்பில் பின்தங்கியவன் என்று என் பதிவேட்டில் நான் குறித்து வைத்திருந்த மாணவன் ஒருவன் மெதுவாக எழுந்தான்.

"டீச்சர், அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு. படம் எங்க இருக்குன்னே தெரியல."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால், அவன் சொன்னது முழு உண்மை. நான் வடிவமைத்த சுவரொட்டியில் படத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. அது பார்க்க வருபவர்களுக்காகச் செய்யப்பட்டது அன்று. அதில் பெயர் இடம்பெற்றவர்கள் மனம் கோணக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்டது.

அன்றிரவு எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. 1970களில் நான் தோட்டத்துச் சிறுமி. சம்பளம் போட்ட வாரத்தில் பட்டணத்திலிருந்து ஒரு வண்டி வரும். இருபுறமும் தட்டி கட்டி, அதில் சுவரொட்டி ஒட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்து வரிசைகளைச் சுற்றி வரும். வண்டியில் வரும் ஆள் மரவள்ளி மாவுப் பசையைத் தடவி, கடைச் சுவரில் ஒரு படத்தை ஒட்டிவிட்டுப் போவார். பாட்டிக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான். ஆயினும், சுவரொட்டியின் முன் நின்று கதையையே சொல்லிவிடுவார். கத்தி தூக்கியிருந்தால் இன்ன படம், கண்ணீரும் மாலையுமாக இருந்தால் இன்ன படம், நாயகன் ஓரமாகவும் குழந்தை நடுவிலும் இருந்தால் துணியை ஈரமாக்கும் படம். வண்ணமும் முகமும் கையின் திசையுமே அவருக்கு எழுத்துகள். எழுதப் படிக்கத் தெரியாத பல்லாயிரம் உழைப்பாளிகளுக்குச் சுவரொட்டிதான் முதல் வாசிப்புப் புத்தகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகின்றது.

அப்படி வாசிக்கும்படி அவற்றைச் செய்தவர்கள் கைதேர்ந்த கலைஞர்கள். தமிழ்நாட்டில் சிவகாசி அச்சகங்களில் கல்லச்சு முறையில் திரைப்படச் சுவரொட்டிகள் அச்சாயின. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனித் தகடு. ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேறி முழு ஓவியம் பிறக்கும். தெருவோரப் பெரும் பதாகைகளைக் கையாலேயே தீட்டினர். படத்தின் ஒரு நிழற்படத்தை எடுத்து, அதன்மேல் சிறு கட்டங்கள் இடுவர். துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் இட்டு, கட்டம் கட்டமாகப் பெருக்கி வரைவர். முகத்தில் இளஞ்சிவப்பும் நிழலில் நீலமும் பச்சையும் தீட்டுவர். அருகில் நின்றால் அது விகாரமாகத் தெரியும். சாலையின் மறுமுனையிலிருந்து பார்த்தால் உயிருள்ள முகமாக ஒளிரும். 1957இல் வெளிவந்த 'வணங்காமுடி' படத்திற்காகச் சென்னை சித்ரா திரையரங்கில் மோகன் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் ஏறத்தாழ 80 அடி உயரத்தில் சிவாஜி கணேசனின் உருவத்தை நிறுத்தினர். அதன்பின் சென்னைச் சாலைகளில் வானளாவிய உருவங்கள் வழக்கமாயின. நூற்றாண்டு திரும்பும் வேளையில் கணினி அச்சுப் பதாகைகள் வந்து அத்தூரிகைகளை ஓய்வுக்கு அனுப்பிவிட்டன.

விளம்பரத்தின் வலிமையைத் தமிழ்த் திரையுலகிற்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் எஸ்.எஸ்.வாசன். ஆனந்த விகடனை நடத்தியவராதலால் மக்களின் கண் எங்கே நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1948இல் 'சந்திரலேகா'வை வெளியிட்டபோது, மாபெரும் முரசுகளின் மேல் நடனமாடும் அந்தக் காட்சியே படத்தின் அடையாளமாக மக்கள் மனத்தில் பதிந்தது. ஒரு படத்திற்கு ஒரு காட்சி, அது போதும்.

மறு வாரம் பாடத்தை மாற்றினேன். வரைவதற்கு முன் பார்க்கச் சொன்னேன். உலகின் தொடக்கக்காலத் திரைப்படச் சுவரொட்டிகளுள் ஒன்றைத் திரையில் காட்டினேன். லூமியேர் சகோதரர்களின் படக்காட்சிக்காகப் பிரான்சில் மார்செலன் ஓசோல் எனும் ஓவியர் 1896ஆம் ஆண்டளவில் வரைந்தது. தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் நகைச்சுவைக் காட்சி திரையில் தெரிகின்றது. திரைக்கு முன்னால் பார்வையாளர்கள் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். "ஏன் படம் பார்ப்பவர்களையும் சேர்த்து வரைந்தார்?" என்று கேட்டேன். "நாமும் போனா இப்படித்தான் சிரிப்போம்னு காட்டத்தான்" என்றாள் ஒரு மாணவி. இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை.

அடுத்து, 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தின் சுவரொட்டி. மேலே ஒரு சிறு உருவம் நீந்துகின்றது. கீழே பெரிய சுறா வாய் பிளந்து மேலெழுகின்றது. சுறா இன்னும் தொடவில்லை. அந்த இடைவெளிதான் நம்மைக் கொட்டகைக்கு இழுக்கின்றது. பதிலைச் சொல்லிவிட்டால் யாரும் வரமாட்டார்கள். கேள்வியைக் கேட்டால் பதில் தேடி வருவார்கள். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து திரைக்கு வந்த வங்க இயக்குநர் சத்யஜித் ரே தம் படங்களின் சுவரொட்டிகளைத் தாமே வடிவமைத்தார். எழுத்துருவையும் தாமே தீட்டினார். எழுத்தின் வளைவே படத்தின் மனநிலையைச் சொல்லும் என்பதற்காக அவற்றையும் காட்டினேன்.

பிறகு கேள்வி ஒன்று எழுந்தது. "அவங்களுக்கெல்லாம் பெரிய நடிகருங்க இருக்காங்க டீச்சர். நம்ம படத்துல யாரு இருக்கா?" நியாயமான கேள்வி. 2015 செப்டம்பரில் 'கபாலி'யின் முதல் சுவரொட்டி வெளியானபோது அப்போதைய என் மாணவர்கள் நோட்டுப் புத்தக அட்டையெல்லாம் கோட்டணிந்த ரஜினிகாந்தை வரைந்து தள்ளினார்கள். அங்கே முகமே அழைப்பு. நம் நாட்டுத் தமிழ்ப்படங்களுக்கு அந்த வசதி இல்லை. தீபக் குமாரன் மேனன் 2005இல் இயக்கிய 'செம்மண் சாலை' ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தின் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்து, மறு ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்துச் சிறுவனின் கதை அது. இத்தகைய படங்களில் மக்கள் அடையாளம் கண்டுகொள்ளும் நட்சத்திரம் யார்? பார்வையாளர்களேதான். அவர்கள் தங்களை அதில் கண்டுகொண்டால் வருவார்கள். இதை நான் பாடமாகச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருக்கவுமில்லை. பிள்ளைகள் வரைந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

மூன்று விதிகள் மட்டும் கொடுத்தேன். ஒன்று, ஒரே ஒரு படம். இரண்டு, பத்து சொற்களைச் சுற்றியே எழுத்து; நாள், நேரம், இடம் தனிக் கணக்கு. மூன்று, சோதனை. வரைந்ததைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, மூன்று எண்ணும் வரை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ள வேண்டும். கண்ட எதைச் சொல்ல முடிகின்றதோ அதுதான் சுவரொட்டி. மற்றவை வெறும் மை. கைப்பேசியிலும் இதே சோதனை பொருந்தும். புலனக் குழுவில் வரும் படம் கட்டை விரல் அளவுதான் தெரியும். விரல் நகரும் முன் கண் நிற்க வேண்டும்.

என் சுவரொட்டியையும் அச்சோதனைக்கு உட்படுத்தினோம். திரும்பி நின்ற இருபது பேரும் சொன்னது: "சிவப்பா ஏதோ இருந்துச்சு."

'கல்யாணப் பத்திரிகை' என்று சொன்ன அதே மாணவன் கறுப்பு மணிலா அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினான். வெள்ளை வண்ணக்கோலால் மெல்லிய கோடுகளில் ஒரு நீண்ட லயத்து வீட்டை வரைந்தான். பத்துச் சன்னல்கள். ஒன்பது இருட்டு. ஒன்றில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். மேலே 'நாலு மணி' என்று இரண்டு சொற்கள். அவ்வளவுதான். அருகிலிருந்த மாணவி அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு வீடுடா?" என்றாள். "யாரு வீடா வேணும்னாலும் இருக்கலாம். எல்லார் வீட்டுலயும் யாராவது முழிச்சிருப்பாங்கல்ல" என்றான். அவள் அதையே எடுத்து, அழகிய கையெழுத்தில் கீழே எழுதினாள்: 'உங்கள் வீட்டில் அப்போது விழித்திருந்தது யார்?'

பள்ளியின் பெயரையாவது சேர்க்கலாமே என்றேன். பழக்கதோஷம். "எதுக்கு டீச்சர்? இங்க ஒரே பள்ளிதானே இருக்கு" என்றான்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் திரையிடல். அந்த அட்டையைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்பினோம். படிகள் எடுத்து அதே சுவர்களில் ஒட்டினோம். அன்று மாலை எண்பது நாற்காலிகள் போதவில்லை. தோட்டத்தை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான குடும்பங்கள் நீலாயிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வந்திருந்தன. ஒருவர் தம் தாயாரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். "இதைப் பார்த்ததும் அம்மாகிட்ட காட்டினேன் டீச்சர். சன்னலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க" என்றார். பதிவு செய்யாத ஐந்து பிள்ளைகளின் பெற்றோர்களில் நான்கு பேர் வந்திருந்தனர்.

வெற்றி என்று இத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஆனால், அன்று நடந்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும்.

படம் முடிந்து எல்லாரும் கைதட்டினர். தேநீர் பரிமாறும்போது ஓர் ஆயா என்னிடம் வந்தார். எண்பது வயதிருக்கும். என் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "டீச்சரம்மா, வீட்டுல முழிச்சிருந்தது யாருன்னு கேட்டிருந்தீங்கன்னு பேத்தி படிச்சுச் சொன்னா. நான்தாம்மா முழிச்சிருந்தேன். முப்பது வருசம். என்னை யாரும் வந்து கேக்கலையே."

எனக்குப் பேச்சு எழவில்லை. அந்த வேளையில் என் பாட்டி கோபித்துக்கொண்ட ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. ஒரு படத்தின் சுவரொட்டியில் அவருக்குப் பிடித்த நடிகரின் முகம் பாதி இடத்தை அடைத்திருந்தது. லாரி ஏறிப் பட்டணம் போய்ப் பார்த்தால், அந்த நடிகர் ஒரே ஒரு காட்சியில் வந்து போய்விட்டார். அரை நாள் கூலியைக் கொட்டகையில் கொடுத்துவிட்டு வந்த பாட்டி அடுத்த ஆறு மாதம் எந்தப் படத்திற்கும் போகவில்லை. "சுவத்துல காட்டுனதை உள்ள காட்டணும்" என்பதுதான் அவருடைய தீர்ப்பு.

எங்கள் சுவரொட்டியும் அப்படித்தான் செய்துவிட்டது. எல்லார் வீட்டுச் சன்னலையும் காட்டிக் கூப்பிட்டோம். உள்ளே ஒரு வீட்டை மட்டுமே வைத்திருந்தோம். பொய் சொல்லும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எனினும், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்க ஆளில்லாமல் இருப்பதும் ஏமாற்றுதான்.

எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973இல் சென்னையில் சுவரொட்டிகளே இல்லாமல் வெளியானது. சுவரொட்டிகளுக்கான வரி உயர்த்தப்பட்டிருந்த நேரம் அது. ஆயினும், கூட்டம் அலைமோதியது. அவர் பெயரின்மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையே அங்குச் சுவரொட்டியாகியது. இதை எண்ணும்போது நம் பள்ளிகளின் நிலை எனக்கு விளங்குகின்றது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர் பதிவுக்காகப் பதாகைகள் கட்டுகின்றோம், முழக்கங்கள் எழுதுகின்றோம். அவை தேவைதான். நல்ல சுவரொட்டி பெற்றோரை வாசல் வரை அழைத்து வரும். வாசலுக்கு உள்ளே அவர் தம் பிள்ளைக்கான இடத்தைக் காண வேண்டும். அதைத் தர வேண்டியவர்கள் நாம்தாம்.

அந்த நான்கு பெற்றோர்களில் இருவர் மறு வாரம் வந்து பதிந்தனர். ஒரு தாயார் சொன்ன காரணம் படமன்று. படம் முடிந்ததும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களாகவே முதியவர்களைக் கைப்பிடித்து வண்டி வரை கொண்டு விட்டதைப் பார்த்தாராம். மற்ற பிள்ளைகள் வேறு பள்ளிக்குச் சென்றனர். அவரவர் பணியிடத் தொலைவு, போக்குவரத்து, குடும்பச் சூழல் என்று காரணங்கள் இருக்கின்றன. யார்மீதும் எனக்கு வருத்தமில்லை. ஏழில் நான்கு. எங்களைப் போன்ற பள்ளிக்கு அது சிறிய எண்ணிக்கை அன்று.

அந்த மாணவனைப் பற்றிய குறிப்பை என் பதிவேட்டில் திருத்தி எழுதினேன். வாசிப்பில் அவன் இன்னும் தடுமாறுகின்றான். அதற்கான பயிற்சியும் தொடர்கின்றது. ஆனால், 'பின்தங்கியவன்' என்ற ஒரு சொல்லோடு அவனை முடித்துவிட என்னால் இனி இயலாது. மற்றவர்கள் எதைக் கண்டால் நிற்பார்கள் என்பதை எங்கள் எல்லாரையும்விட அவன் நன்றாக வாசித்திருந்தான். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வரைந்த படத்தைப் பார்த்ததும் "அழகாக இருக்கின்றது" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அது உங்களிடம் எதையோ கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

அந்த ஆயாவின் வீட்டிற்கு மறு வாரமே நான்கு மாணவர்கள் சென்றனர். நானும் உடன் சென்றேன். இரண்டு மணி நேரம் பேசினார். பால் வாளி கவிழ்ந்த ஒருநாள், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போனது, மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்ற கவலை. எல்லாவற்றையும் பிள்ளைகள் பதிவு செய்தனர். பழைய மங்கு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் இப்போது கோயில் விபூதி வைத்திருக்கின்றார்.

திரும்பி வரும்போது அந்த மாணவனிடம், "அடுத்த படத்துக்குச் சுவரொட்டி எப்போது வரையப் போகின்றாய்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தான்.

"இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துடுவோம் டீச்சர். அப்புறம் வரையுறேன்."